வீட்டுக்குக் கிளம்பும் பெற்றோரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

வார்டுக்குப் புதியவள் கேட்டது:

வணக்கம். பெரியவர்களுக்கான மருத்துவப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன்பு குழந்தைகள் வார்டுக்கு வந்த செவிலியர் நான். மருந்தின் அளவை எடைக்கேற்பக் கணக்கிடுவது, அழுது திமிறும் குழந்தைக்கு நரம்பு தேடுவது, பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்னும் ஐந்தையும் பார்த்து மதிப்பிடுவது ஆகியவற்றை மூத்தவர்களின் பக்கத்தில் நின்று ஓரளவு கற்றுக்கொண்டேன். டிஸ்சார்ஜ் நாளில் பெற்றோருக்குப் பாதுகாப்பைப் பற்றி எடுத்துச் சொல்லும் வேலைதான் இன்னும் கைவரவில்லை.

எங்களிடம் இரண்டு பக்கத் தாள் ஒன்று இருக்கிறது. தூக்கம், குளியல், மருந்து, சமையலறை, மாடிப்படி, வாகனம் என்று இருபத்தேழு எச்சரிக்கைகள் அதில் வரிசையாக உள்ளன. பிறந்து இருபது நாளான சிசுவுக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரே தாள்தான். ஒரு தோளில் பையும் மறு தோளில் குழந்தையுமாக, கிளம்பும் அவசரத்தில் நிற்கும் தாயிடம் நான் அதை வாசித்துக் காட்டுவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன்.

நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்டு நலமாகிச் சென்ற எட்டு மாதக் குழந்தை ஒன்று, ஐந்து வாரம் கழித்து, மார்பிலும் வலது தோளிலும் வெந்த காயத்துடன் திரும்பி வந்தது. மேசை விரிப்பின் தொங்கும் நுனியைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்க முயன்றிருக்கிறான்; விரிப்போடு சேர்ந்து சூடான பானம் நிறைந்த குவளையும் வந்துவிட்டது. கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அவனுடைய தாய் சொன்னார்: “சூடான பொருளை எட்டாமல் வைக்கச் சொன்னீர்கள், எனக்கு நினைவிருக்கிறது சிஸ்டர். ஆனால் அன்றைக்கு இவன் உட்கார மட்டும்தானே செய்தான்? மேசை இவனுக்கு எட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.” அவர் என்னைக் குறை சொல்லவில்லை. இருந்தும் அந்தச் சொற்கள் அன்றிரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

அனுபவமுள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். பெற்றோரிடம் எத்தனை செய்திகளைச் சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் சொல்ல வேண்டும், அவர்கள் அதை உண்மையில் வாங்கிக்கொண்டார்களா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பெற்றோராக இருந்து இத்தகைய அறிவுரையைக் கேட்டுச் சென்றவர்களும் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

---

பழைய செவிலி எழுதியது:

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை அந்தத் தாயே சொல்லிவிட்டார், சகோதரி. நீங்கள் அன்று இருந்த குழந்தைக்கு அறிவுரை சொன்னீர்கள். அவரோ ஐந்து வாரத்துக்குப் பிந்தைய குழந்தையோடு வாழ வேண்டியிருந்தது. குழந்தைகள் வார்டில் இருபத்தாறு ஆண்டுகள் கழித்த நான் இன்றும் கைக்கொள்ளும் விதி ஒன்றே ஒன்றுதான்: குழந்தை இப்போது என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள், அது அடுத்து என்ன செய்யப் போகிறதோ, அதற்கு வீட்டைத் தயார் செய்யச் சொல்.

இதற்கு வயதை மட்டும் நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இயக்க வளர்ச்சி ஆய்வின்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள்ளும், பிடித்துக்கொண்டு நிற்பது 4.8இலிருந்து 11.4க்குள்ளும், தனியாக நடப்பது 8.2இலிருந்து 17.6க்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தைகளிலேயே இத்தனை அகலமான இடைவெளி இருக்கிறது. அந்த ஆய்வில் சுமார் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிட்டன. ஆகவே ‘எட்டு மாதக் குழந்தைக்கான அறிவுரை’ என்ற ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. உட்காரும் குழந்தைக்கான அறிவுரை இருக்கிறது, பிடித்து எழும் குழந்தைக்கான அறிவுரை இருக்கிறது. (நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தையின் செயலைக் கொண்டே பருவங்களுக்குப் பெயரிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான்.)

உதாரணமாக, கையையும் காலையும் உதைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் மூன்று மாதக் குழந்தையின் தாயிடம் மாடிப்படியைப் பற்றிப் பேசுவது வீண். அவரிடம் பேச வேண்டியது குப்புற விழுவதைப் பற்றி. குழந்தை முதன்முதலில் குப்புற விழும் நாள் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்த முதல் முறையே கட்டில் விளிம்பில் நிகழ்ந்துவிடலாம். எனவே துணி மாற்றும்போது தேவையான எல்லாவற்றையும் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏதேனும் எடுக்கத் திரும்பினால் ஒரு கை குழந்தையின் வயிற்றின் மேல் இருக்க வேண்டும், நகர வேண்டியிருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே நகர வேண்டும் என்று சொல்வேன். உட்காரத் தொடங்கிய குழந்தையின் வீட்டில், தரையில் கிடப்பதும் தொங்குவதும்தான் அடுத்த ஆபத்து. ஒன்பது, பத்து மாதங்களில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு நூல் துணுக்கைக்கூட எடுக்கும் திறமை வந்துவிடும். எடுத்தது நேராக வாய்க்குத்தான் போகும். பெற்றோரை வீட்டுத் தரையில் முழங்காலிட்டு, குழந்தையின் கண் உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்ப்பவருக்குத் தெரியாத மாத்திரையும் நாணயமும் மின்கம்பியும் அப்போது தெரியும்.

எத்தனை செய்திகள் என்று கேட்டீர்கள். மூன்று. இருபத்தேழு அல்ல. மீதியைத் தாள் சுமக்கட்டும்.

எந்த நேரத்தில் என்றால், டிஸ்சார்ஜ் நாளைத் தவிர எந்த நாளும் நல்ல நாள்தான். சேர்ந்த முதல் நாளிலிருந்தே உங்கள் கைகள் பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். கட்டிலின் சைடு ரெயிலை நான் ஏற்றும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை கையை எடுக்க மாட்டேன். கேட்ட பிறகு ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன். இதை நான் விளக்கிச் சொன்னதே கிடையாது. இரண்டாம் நாளில் பல தாய்மார்கள் அதே போல இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. குறைமாதக் குழந்தையையோ மூச்சுத் திணறல் உள்ள குழந்தையையோ கருவிகளின் கண்காணிப்பில் நாம் குப்புறப் படுக்க வைக்கிறோம், தலைப்பக்கத்தை உயர்த்துகிறோம், சுற்றிலும் துணிச் சுருள்களை வைக்கிறோம். மருத்துவமனையிலேயே இப்படித்தான் படுக்க வைத்தார்கள் என்று பெற்றோர் வீட்டிலும் அதையே செய்வார்கள். ஆகவே வீடு செல்வதற்குப் பல நாட்களுக்கு முன்பே குழந்தையை மல்லாந்து, சமமான உறுதியான மெத்தையில், தலையணையும் பொம்மையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் தூங்கப் பழக்கி, ஏன் மாற்றினோம் என்பதையும் சொல்ல வேண்டும். சிசுவைக் குப்புறத் தூங்க வைக்காமல் மல்லாந்தோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கும் பரிந்துரையை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1992இல் வெளியிட்டது; பிறகு மல்லாந்து மட்டுமே என்று மாற்றியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அந்நாட்டில் சிசுக்களின் திடீர் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் இத்தனை உயிர்களைக் காத்த அறிவுரை செவிலியர் கையில் வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வாங்கிக்கொண்டார்களா என்பதை அறிய, “புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான். “நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, வீட்டில் இருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். தேர்வு எனக்கே தவிர அவருக்கல்ல என்ற தொனி அதில் இருக்க வேண்டும். மருந்தாக இருந்தால் சொல்லிக் காட்டினாலும் போதாது, செய்து காட்ட வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, சரியான கோடுவரை இழுக்கச் சொல்வேன். ஒரு முறை படித்த, பொறுப்பான தந்தை ஒருவர், 2.5 மில்லிக்குப் பதிலாக முழு 5 மில்லியையும் இழுத்து நீட்டினார். தலையசைப்பை நம்பியிருந்தால் அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் இரட்டை அளவு போயிருக்கும். ஒரே மருந்தின் சொட்டு வடிவம் சிரப்பைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கலாம் என்பதையும், வீட்டுக் கரண்டிகள் ஒன்று போல் இன்னொன்று இருப்பதில்லை என்பதையும் அந்த நேரத்திலேயே சொல்லிவிடலாம்.

---

இரட்டையரின் அப்பா எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. மேலே உள்ள பதிலைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் இரட்டையரில் மூத்தவள் பத்தாம் மாதத்தில் நடந்தாள். இளையவன் பதினைந்தாம் மாதம்வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தான். ஒரே வயது, ஒரே வீடு, ஆனால் ஆபத்துகள் வேறு வேறு. வயதைப் பார்த்து எழுதிய எந்தத் தாளும் எங்களுக்கு உதவவில்லை.

செவிலியர்கள் கவனிக்காமல் விடுவதாக எனக்குப் படும் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் அறிவுரை சொல்லும் நபர் பெரும்பாலும் பகலில் குழந்தையோடு இருப்பவர் அல்லர். எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் என் மாமியார். மருத்துவமனைத் தாளை என் மனைவி கோப்பில் பத்திரமாக வைத்திருந்தாள், அவ்வளவுதான். மாமியாருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்பது எங்களுக்கே அப்போது உறைக்கவில்லை. மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளை அவள் கைப்பையிலிருந்து எடுத்துவிட்டாள். வீட்டு மருந்தையெல்லாம் உயரமான அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தோம். நாற்காலியின் மேல் கிடந்த கைப்பை மருந்து இருக்கும் இடம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாயில் போட்டது ஒன்றா, இரண்டா, எதுவும் இல்லையா என்று தெரியாமல் ஓர் இரவு முழுவதும் அவளைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

அந்த இரவில் பணியிலிருந்த செவிலியர் எங்களைத் திட்டவில்லை, தாளும் கொடுக்கவில்லை. “நாளைக்குப் பகலில் குழந்தை யாரோடு இருக்கும்?” என்று கேட்டார். மாமியாரை அழைத்து வரச் சொல்லி, அவரை உட்காரவைத்து, அவருடைய கைப்பையையே மேசைமேல் திறந்துவைத்து, “இதில் இவள் வாய்க்குப் போகக்கூடியவை எவை, நீங்களே எடுத்து வையுங்கள் அம்மா” என்றார். மாத்திரை அட்டை, ஒரு பாட்டில் மூடி, பட்டன், சில்லறைக் காசு, தைலம் என்று ஐந்தாறு பொருள்கள் வெளியே வந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் பையை வாங்கி ஆணியில் மாட்டுவது மாமியாரின் வேலை. வருபவர்கள் அதைத் தங்களுக்கான உபசாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

---

அவசரப் பிரிவு, இரவுப் பணி எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எவ்வளவு நன்றாகச் சொன்னாலும், திரும்பச் சொல்லிக் காட்டச் சொன்னாலும், அறிவுரை என்பது பெற்றோரின் நினைவையும் விழிப்பையும் நம்பியிருக்கிறது. இரவில் மூன்று முறை எழுந்த தாய்க்கு மறுநாள் எவ்வளவு விழிப்பு மிச்சமிருக்கும்? விபத்துத் தடுப்பைப் பற்றி எழுதிய வில்லியம் ஹாடன் போன்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தியது இதைத்தான்: ஒவ்வொரு முறையும் மனிதர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய பாதுகாப்பைவிட, ஒரு முறை செய்துவிட்டால் தானாகவே காக்கும் பாதுகாப்பு மேலானது. ஆகவே நான் சொல்லும் மூன்று செய்திகளில் ‘கவனமாக இருங்கள்’ என்ற சொல்லே வராது. மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள் என்பேன். அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணையுங்கள் என்பேன். வெந்நீர்க் கருவியின் சூட்டை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி வையுங்கள் என்பேன். 60 டிகிரி நீர் பெரியவர் தோலையே ஐந்து வினாடிக்குள் ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரியில் அதே காயம் உண்டாகச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது என்றாலும், இழுத்து வெளியே எடுக்க நேரம் கிடைக்கும்.

‘எட்டாமல் வையுங்கள்’ என்பதும் எனக்குப் பிடிக்காத சொல். எட்டாது என்பது நாற்காலியை இழுத்துப் போடத் தெரியும்வரைதான். குழந்தைகளால் திறக்க முடியாத மூடி என்று நம்பப்படும் மருந்து பாட்டில் மூடிகளும் அப்படித்தான். அமெரிக்கச் சோதனை விதிப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கும்போது, செய்து காட்டாத முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றுக்கு 85 பேரால் திறக்க முடியாமல் இருந்தாலே மூடி அந்தக் கட்டத்தில் தேறிவிடும். மீதிப் பதினைந்து பேரில் உங்கள் குழந்தையும் ஒன்றாக இருக்கலாம். மூடி நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிறது. அலமாரியின் பூட்டுதான் காக்கிறது.

வாக்கரைப் பற்றியும் கேட்பார்கள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுங்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிக்கட்டை நோக்கிச் செல்வதைத்தான் விரைவுபடுத்துகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

வீட்டை மாற்றியும் விபத்து நேரும். அப்போது முதல் பத்து நிமிடத்தில் வீட்டில் என்ன செய்தார்கள் என்பதை எங்கள் பிரிவில் அன்றாடம் பார்க்கிறோம். வெந்த இடத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் முழுதாக இருபது நிமிடம் காட்ட வேண்டும். காயம் பட்டு மூன்று மணி நேரம்வரை இதற்குப் பயன் உண்டு. இருபது நிமிடம் என்பது அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு முடிவே இல்லாத நேரம். கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உடலின் மற்றப் பகுதி குளிராமல் போர்த்தியிருக்க வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் கூடாது. விஷப் பொருளை விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; ஒரு காலத்தில் வீட்டில் வைத்திருக்கச் சொன்ன, வாந்தி வரவழைக்கும் மருந்தைக்கூட 2003இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விழுங்கிய பொருளின் பாட்டிலையோ அட்டையையோ கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பாதி மருத்துவம்.

மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டால் சத்தமே வராது என்பதையும் சொல்ல வேண்டும். பலமாக இருமும் குழந்தையை இரும விடுங்கள். இருமலோ அழுகையோ வெளியே வராத நிலையில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பெலும்பின் மேல் ஐந்து அழுத்தம். அந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடவும் கூடாது. இதை வாயால் சொல்லிப் பயனில்லை. பயிற்சிப் பொம்மையில் செய்ய வைக்க வேண்டும். நீரில் மூழ்குவதும் இதே போல ஓசையற்றது. இரண்டரை சென்டிமீட்டர் ஆழ நீர் போதும். தத்தி நடக்கும் குழந்தைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தன்னால் வெளியே வர முடியாது. ஆகவே வாளியைக் காலி செய்து கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

நான் ஒருபோதும் விடாத செய்தி பட்டன் பேட்டரியைப் பற்றியது. ரிமோட், பொம்மை, வாழ்த்து அட்டை, எடை பார்க்கும் கருவி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அதைச் சுற்றியுள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரப் பொருள் உருவாகிறது. இரண்டே மணி நேரத்தில் குழாய்ச் சுவர் கடுமையாக வெந்துவிடும். பேட்டரி உடைய வேண்டியதில்லை, கசிய வேண்டியதுமில்லை. வேலை செய்யாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சளித்தொல்லை போலத்தான் தெரியும். சந்தேகம் வந்தாலே கிளம்பி வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு, வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன் கொடுத்தால் சேதம் ஓரளவு குறையும். தேனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பேட்டரியானாலும் வேறு எதுவானாலும் தேன் கூடாது.

இவற்றைச் சொல்லும்போது பெற்றோரின் முகம் வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். மிகவும் பயந்துபோனவர் காதில் அடுத்த செய்தி ஏறாது. ஆகவே ஆபத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதை மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள்.

---

வார்டுக்குப் புதியவள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கைப்பையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஓய்வறையில் மாட்டியிருந்த என் பையைத் திறந்து பார்த்தேன். நான் எந்தப் பெற்றோருக்கும் அறிவுரை சொல்லும் தகுதியோடு இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளுக்கும் ‘அடுத்த செயல்’ என்பதை எப்படிக் கணிப்பது? இரண்டாவதாக, ஓயாமல் அழும் ஒரு மாதக் குழந்தையின் பெற்றோர், இரவில் தங்களுக்கு வரும் கோபத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது என்ன பதில் சொல்வது?

---

வளர்ச்சிப் பயிற்சியாளர் எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. தயங்கித் தயங்கியாவது சொன்ன பெற்றோருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அழுகை இரண்டாவது வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணிவது பெரும்பாலான குழந்தைகளுக்கு இயல்பு என்பதையும், எவ்வளவு திறமையான தாயாலும் தேற்ற முடியாத அழுகை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்த துன்பத்தைத் தாங்குவது எளிது. காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, அழுகையின் தன்மையே மாறுவது போன்றவை இருந்தால் உடனே காட்ட வேண்டும். எதுவும் இல்லை, ஆனால் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வருகிறது என்றால், குழந்தையை மல்லாந்து அதன் கட்டிலில் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து பத்து நிமிடம் வெளியே நிற்கலாம். குழந்தை அழுதபடி தனியாகக் கிடப்பதால் அதற்குக் கேடு வராது; ஒரு முறை பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். இதைத் தாயிடம் மட்டும் சொல்லாமல், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ளும் தந்தையிடமும் சொல்லுங்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு வயதுவரை திருத்திய வயதை, அதாவது பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணும் வயதை, கணக்கில் கொள்கிறோம். முப்பதாவது வாரத்தில் பிறந்து இன்று ஆறு மாதம் ஆன குழந்தை, வளர்ச்சியில் நான்கு மாதக் குழந்தைக்கும் சற்று இளையது. அதன் தாய் ஆறு மாதத் தாளைப் படித்துவிட்டு, இது ஏன் இன்னும் உட்காரவில்லை என்று கலங்கிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில், முதல் முறையாகக் குப்புற விழப்போகும் குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு நகரவும் செய்வார். தாளில் இரண்டு வயதுகளையும் எழுதிக் கொடுப்பது நல்லது.

வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளிடம் உயரத்தையும் அறிவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான்கு வயது உயரத்தில் மேசையை எட்டும் கைகளோடு, ஒரு வயதுக் குழந்தையைப் போல எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, இரு வயதுகளின் ஆபத்துகளும் சேர்ந்தே இருக்கும். தசை இறுக்கம் உள்ள சில குழந்தைகள் முதுகை வில்லாக வளைத்து, திரும்பத் தெரிவதற்கு முன்பே கட்டிலிலிருந்து சறுக்கி விழுந்துவிடுவார்கள். ‘இவன் அசையவே மாட்டான்’ என்று சொல்லப்படும் குழந்தைகளே இப்படி விழுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். அடுத்து என்ன செய்யும் என்று பெற்றோரிடம் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், எதிர்பார்த்தது வராத குழந்தைகளும் உங்கள் கண்ணில் படுவார்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்காதது, முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, எந்த வயதிலும் வந்த திறமை ஒன்று மறைந்துபோவது ஆகியவற்றைப் பெற்றோர் சொன்னால், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பாமல் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.

---

வார்டுக்குப் புதியவள் எழுதியது:

வெந்த காயத்தோடு வந்த குழந்தை நேற்று வீடு திரும்பியது. தாளை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, முந்தின நாள் மாலையில், மூன்றாம் முறையாகக் கட்டு மாற்றி முடித்த பிறகு அந்தத் தாயிடம் உட்கார்ந்தேன். “இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்து என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். நடப்பான் என்றார். அதற்கு அடுத்து என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்து, “ஏறுவான்” என்றார். எதில் என்று கேட்டேன். சன்னலுக்குக் கீழே கட்டிலைப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து, நாங்கள் வருவதற்குள் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிடுங்கள் என்றார். சன்னலுக்குக் கம்பி போட இரண்டு நாள் ஆகுமாம்.

இருபத்தேழு எச்சரிக்கைகளையும் குழந்தையின் செயல்படி ஐந்து சிறு தாள்களாகப் பிரித்துத் தரலாமா என்று பொறுப்புச் செவிலியரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரக் கூட்டத்தில் பேசலாம் என்றார். ‘உட்காருகிறது’ என்ற தாளின் முதல் வரியாக மேசை விரிப்பை எழுதி வைத்திருக்கிறேன்.